ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சோதனை: என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர்ப்பையைப் பரிசோதித்த அனுபவம்

எங்கள் பக்கம் ஒரு ஆம்பளைக்கு ஒன்னுக்குச் சரியாகப் போகவில்லை என்றால் முதலில் "சூடு" என்பார்கள். இளநீர், நுங்கு, நன்னாரி, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் என்று வரிசையாக வரும். அதில் கேட்கவில்லை என்றால் "சுகர் ஏறியிருக்கும், அதான் அடிக்கடி போகுது" என்பார்கள். அதற்கும் அப்புறம் "புரோஸ்டேட்தான், வயசானா வரும், ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிரும்" என்பார்கள். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வரும் வழியைச் சுற்றி இருக்கிற சுரப்பி. என் வீட்டுக்காரருக்கு இந்த மூன்றையும் சொன்னார்கள். உண்மையான காரணம் என்ன என்பது மதுரையில் செய்த யூரோடைனமிக் சோதனையில்தான், அதாவது சிறுநீர்ப்பை எப்படி நிரம்புகிறது, எப்படி அழுத்தித் தள்ளுகிறது என்று அளக்கிற சோதனையில்தான் தெரிந்தது. அந்தச் சோதனைக்குப் போகும்முன் எங்களுக்கு யாராவது இதையெல்லாம் விளக்கியிருந்தால் எவ்வளவோ பயம் குறைந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரை மட்டும் போடாதே" என்றார்.

அவருக்கு வயது 58. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர். விசைப்படகில் டிரைவர். திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். சுகர் அவருக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கடலில் இருக்கிற நாட்களில் மாத்திரை முன்னேபின்னே ஆகும், சாப்பாடும் அப்படித்தான்.

தொந்தரவு மெல்ல மெல்லத்தான் வந்தது. போய் நின்றால் வர நேரமாகும். வந்தாலும் விட்டு விட்டு வரும். முடித்துவிட்டு வந்த பிறகு கைலியில் நாலு சொட்டு. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் உட்காருகிற மனிதர், கடைசி வரிசையில் வாசல் ஓரமாக உட்கார ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்த்தபோதுதான் இது சின்ன விஷயம் இல்லை என்று பட்டது. அவர் வாயால் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை நம் ஆம்பளைகள் பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை.

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்தது. மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று ராத்திரி ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. அடிவயிறு கல்லு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தபோது பை நிறைய வந்தது. பல சளி மாத்திரைகளில் தூக்கம் வரவைக்கிற ஒரு மருந்தும், மூக்கடைப்பைத் திறக்கிற ஒரு மருந்தும் சேர்ந்திருக்கும். முதல் மருந்து சிறுநீர்ப்பை சுருங்குவதைக் குறைக்கும், இரண்டாவது மருந்து வெளியேறும் வழியை இறுக்கும். ஏற்கெனவே நீர் போகச் சிரமப்படுகிறவர்கள் சளி மாத்திரை வாங்கும்போது அந்தச் சிரமத்தைக் கடைக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும், டாக்டரிடம் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

குழாய் போட்ட அதே வாரம், புரோஸ்டேட்டில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனை எடுத்தார்கள். அளவு அதிகம் என்று வந்தது. கேன்சரோ என்று வீடே இடிந்து போனது. பிறகு பார்த்த டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: நீர் அடைத்துக்கொண்டாலோ, குழாய் போட்டாலோ, கிருமித் தொற்று இருந்தாலோ பிஎஸ்ஏ தானாக ஏறும், ஆறு வாரமாவது பொறுத்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். அப்படி எடுத்தபோது சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது. நடுவில் போன அந்த வாரங்களில் நாங்கள் தூங்கிய தூக்கத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஸ்கேனில் புரோஸ்டேட் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாக மாற்றம் இல்லை. ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொன்னார்கள். என் தம்பிதான், "இவ்வளவு வருஷ சுகர் இருக்கு, இன்னொரு சிறுநீரக டாக்டரையும் பார்த்துருவோம்" என்றான். தடைக்காலம் வரட்டும் என்று இருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆஸ்பத்திரிக்கு அலைய எங்கள் ஊரில் அதைவிட நல்ல சமயம் கிடையாது.

மதுரையில் பார்த்த டாக்டர் முதலில் எந்த மெஷினிலும் ஏற்றவில்லை. ஒரு தாளைக் கையில் கொடுத்தார். மூன்று நாளைக்கு, இருபத்து நாலு மணி நேரமும், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார், அவசரமாக வந்ததா, கசிந்ததா, இதையெல்லாம் எழுதச் சொன்னார். எனக்கு இது கைவந்த வேலை. எடையும் உயரமும் பதிவேட்டில் ஏற்றிப் பழகிய கை. ஆனால் அளப்பது எப்படி? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டினேன். மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஒவ்வொரு தடவையும் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, வெளியே மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். கொல்லையில் பாத்ரூம் கதவில் பென்சிலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டாம் நாள் அவரே, "எழுதிக்கோ, தொண்ணூறு" என்று குரல் கொடுத்தார்.

அந்தத் தாள் எங்களுக்கு அவ்வளவு விஷயம் சொல்லியது. 80, 100, 70, 90 என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம்தான் போயிருந்தார். சுகர் ஏறியதால் அடிக்கடி போகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும். இவருக்கு அப்படி இல்லை. குடிப்பதோ நாலு லிட்டர்! யாரோ "தண்ணி நிறையக் குடிச்சா அடைப்பு விட்டுரும்" என்று சொல்லியிருக்கிறார்கள், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கல் இருக்கிறவர்களுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அது வேறு. பையில் நீர் தேங்கி நிற்கிறவருக்கு இன்னும் இன்னும் ஊற்றினால் பை இன்னும் விரியத்தான் செய்யும். டாக்டர் மற்ற ரிப்போர்ட்டுகளைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். நான் எல்லோருக்கும் சொல்வது இது: பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே மூன்று நாள் கணக்கை வீட்டிலேயே எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். காசு செலவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து எழுதினாலும் போதும், கடலில் எப்படி இருக்கிறது என்பதை வாயால் சொல்லுங்கள்.

அடுத்தது நீரின் வேகம் பார்க்கிற சோதனை. யூரோஃபுளோ என்பார்கள். ஒரு புனல் மாதிரியான பாத்திரம், அதன் கீழே ஒரு கருவி. அதில் போனால் ஒரு நொடிக்கு எத்தனை மில்லி என்று கோடாக வரைந்து கொடுக்கும். ஊசி, குழாய் எதுவும் கிடையாது. சரியாகப் போகிறவர்களுக்கு அந்தக் கோடு மணி கவிழ்த்த மாதிரி ஏறி இறங்கும். ஆண்களுக்கு அதிகபட்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 10க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். போன அளவு குறைந்தது 150 மில்லியாவது இருந்தால்தான் அந்தக் கோட்டை நம்பலாம். இதை முடித்த கையோடு ஸ்கேன் வைத்து, பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் நடந்தது. முன்னால் ஒரு ஸ்கேன் சென்டரில் "நல்லா முட்ட முட்ட அடக்கிட்டு வாங்க" என்று சொல்லி, ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அவர் வலியில் வியர்த்துப்போய்ப் போனார், மிச்சம் ஏகப்பட்டது என்று ரிப்போர்ட் வந்தது. மதுரை டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டார். அளவுக்கு மீறி நிரம்பிய பை யாருக்குமே சரியாகச் சுருங்காது. வழக்கமாக "சரி, போகணும்" என்று தோன்றுகிற அளவுக்கு நிரம்பினால் போதும். காத்திருக்கிற நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே கூச்சப்பட்டால் ரிப்போர்ட்தான் கெட்டுப்போகும்.

மதுரையில் எடுத்தபோது அவருடைய வேகம் 8 மில்லி. கோடு விட்டு விட்டு, சின்னச் சின்ன மேடாக வந்தது. மிச்சம் 300 மில்லிக்கு மேல். சரி, அடைப்புதானே என்று நான் கேட்டேன். அப்போது டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே மனதில் இருக்கிறது. "தண்ணி மெதுவா வருதுன்னா குழாய் அடைச்சிருக்கலாம், மோட்டார் வலுவில்லாமலும் இருக்கலாம். வெளியே நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா தெரியும்." படகு ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப மோட்டாரைப் பாருங்க சார்" என்றார்.

மோட்டாரைப் பார்ப்பதுதான் யூரோடைனமிக். அதற்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்துத் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். தொற்று இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். மலச்சிக்கல் இல்லாமல் வரச் சொன்னார்கள். போடுகிற எல்லா மாத்திரைகளையும் சீட்டோடு காட்டினோம். எதை நிறுத்துவது, எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது, அதனால் எங்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பேன்ட்டைவிடக் கைலி வசதி.

முதலில் புனலில் வழக்கம்போலப் போகச் சொன்னார்கள். பிறகு மரத்துப்போகிற ஜெல்லி தடவி, நூடுல்ஸைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு குழாயை நீர் வரும் வழியாகப் பைக்குள் விட்டார்கள். இன்னொரு மெல்லிய குழாய் ஆசனவாயில். இரண்டாவது குழாய் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, முகம் சுருங்கிப்போனது. நர்ஸ் தங்கச்சி பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க முக்குறப்ப வயிறும் அழுத்தும். வயிறு அழுத்துறது எவ்வளவு, பை அழுத்துறது எவ்வளவுன்னு பிரிக்கணும்ல, அதுக்குத்தான்." காரணம் தெரிந்த பிறகு அவர் மறுபேச்சு பேசவில்லை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். வலி பெரிதாக இல்லை, கூச்சம்தான் அதிகம் என்று பிறகு சொன்னார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம், மானிட்டர் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மானிட்டரில் மூன்று கோடு ஓடியது. ஒன்று பையின் அழுத்தம், ஒன்று வயிற்றின் அழுத்தம், மூன்றாவது, முதல் கோட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. அதாவது பையின் தசை தானாக அழுத்துவது. இருமச் சொன்னார்கள். முதல் இரண்டு கோடும் ஒரே மாதிரி எகிறின, குழாய்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் உப்புநீரை மெதுவாகப் பைக்குள் ஏற்றினார்கள். "லேசா தெரிஞ்சா சொல்லுங்கண்ணே." பொதுவாக 150, 200 மில்லிக்கெல்லாம் பை நிரம்புவது தெரிய ஆரம்பிக்கும். இவர் 300 தாண்டியும், "ஒண்ணும் தெரியலையே" என்றார். 450க்குப் பக்கத்தில்தான் "ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். 600 தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள்.

"இப்பப் போங்க" என்றார்கள். வரவில்லை. நாலு பேர் இருக்கிற அறையில் யாருக்கு வரும்? தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு எல்லோரும் திரைக்கு வெளியே வந்துவிட்டார்கள். அவருக்கு நின்றுகொண்டு போகிற பழக்கம், நின்றபடியே போகச் சொன்னார்கள். பழக்கமான நிலையில் போவது இந்தச் சோதனைக்கு முக்கியம். கொஞ்ச நேரம் கழித்து மூச்சைப் பிடித்து முக்கினார். முதல் கோடு மேலே ஏறியது, இரண்டாவது கோடும் அதே அளவுக்கு ஏறியது. மூன்றாவது கோடு அப்படியே தரையோடு படுத்துக் கிடந்தது. அவர் முக்குகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீர் வரும், நிற்கும். டாக்டர் மூன்றாவது கோட்டின் மேல் விரலை வைத்து, "பாருங்கம்மா, வயிறுதான் தள்ளுது, பை தள்ளவே இல்லை" என்றார்.

அடைப்பாக இருந்திருந்தால் அந்த மூன்றாவது கோடு உயரமாக ஏறியிருக்கும், நீர் மட்டும் குறைவாக வந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் புரோஸ்டேட் ஆபரேஷன் நல்ல பலன் தரும். இவருக்கு ஏற்றமும் இல்லை, வரத்தும் இல்லை. பல வருஷச் சுகர் நரம்பைப் பாதித்து, பை நிரம்புவதும் தெரியாமல், சுருங்குகிற வலுவும் போயிருக்கிறது. இந்த நிலையில் அறுத்தாலும் நீர் சரியாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது. பின்னால் வேண்டியிருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தத்தில் சாதாரண அளவில் இருந்தது, ஸ்கேனில் சிறுநீரகத்தில் வீக்கமும் இல்லை.

இப்போது அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை தானே குழாய் விட்டு நீரை எடுத்துவிடுகிறார். கேட்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. நர்ஸ் சொல்லிக்கொடுத்து, கண்ணாடி வைத்துப் பழகி, இப்போது பல் விளக்குகிற நேரம்தான் ஆகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். கடல் தண்ணீரில் கையையோ குழாயையோ கழுவக் கூடாது. நல்ல தண்ணீர் ஒரு கேன் தனியாகப் படகில் இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற குழாய்தான் நல்லது. அது கட்டுப்படியாகாதவர்கள் நர்ஸிடம் கேட்டால், எப்படிக் கழுவிக் காயவைத்து வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். ராத்திரி ஒரு தடவை எழுந்தால் அதிகம். பூசையில் பழைய இடத்துக்குப் போய்விட்டார்.

இந்தச் சோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அந்த மூன்று நாள் தாள், சிறுநீர்ச் சோதனை, வேகம், மிச்சம், இவ்வளவிலேயே விடை கிடைத்துவிடும். ரொம்ப நாள் சுகர் இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், மாத்திரைக்குக் கேட்காமல் ஆபரேஷன் வரை போகிறவர்கள், இவர்கள் "யூரோடைனமிக் எனக்குத் தேவைப்படுமா?" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

பெண்களுக்கும் இதே சோதனைதான். இருமினால், குனிந்து எடை தூக்கினால் கசிவது ஒரு வகை. பாத்ரூமை எட்டும் முன்பே வந்துவிடுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஆபரேஷன்கூட உண்டு, இரண்டாவதற்கு மாத்திரையும் பயிற்சியும். இரண்டும் கலந்து இருக்கிறவர்களுக்கு எது எவ்வளவு என்று பிரிக்க இந்தச் சோதனை உதவும். எங்கள் கரையில் பாசி எடுக்கப் போகிற பெண்கள், தண்ணீரில் நிற்கிற நேரம் முழுக்க ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் வாய்திறப்பதும் இல்லை. அவர்களிடம் நான் இப்போது நேராகவே கேட்கிறேன். பெண் ஊழியர்தான் சோதனை செய்ய வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம்.

பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்குப் பஸ்ஸைவிட ரயில் எவ்வளவோ மேல், கழிவறை இருக்கிறது. பஸ்ஸில் போனால் மாட்டுத்தாவணியில் இறங்கியதும் ஒரு தடவை போய்விட்டு, ஆஸ்பத்திரிக்குள் சென்ற பிறகு நிதானமாகத் தண்ணீர் குடியுங்கள். முந்தின நாளே போய்த் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய், எதற்குச் செல்லும் எதற்குச் செல்லாது என்று முதலிலேயே கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

சோதனை முடிந்து ஒன்றிரண்டு நாள் எரிச்சல் இருக்கும், நீர் லேசாகச் சிவந்தும் வரலாம். டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். குளிர்காய்ச்சல் வந்தால், ரத்தம் கட்டியாக வந்தால், நீர் அடைத்துக்கொண்டால் மதுரை வரை ஓட வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். சோதனை ரிப்போர்ட்டையும் மூன்று நாள் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நான் இரண்டையும் நகல் எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை அவருடைய படகுப் பையிலும், மீனவர் அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.